அவைக்கு ஒவ்வாத சொல்

பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்காருகிறவனுக்கு நிறையச் சொற்கள் தேவைப்படாது. ‘உட்காருங்கள்’ என்பது ஒன்று. ‘அமைதி, அமைதி’ என்பது இன்னொன்று. ‘ஆம் என்போர் அதிகம்’ என்று ஒரு வாக்கியம். இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லியே ஒரு பதவிக்காலத்தை ஓட்டிவிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இவற்றோடு இன்னொரு வாக்கியமும் உண்டு: ‘உறுப்பினர் கூறிய அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.’ நான் சொல்லப்போவது அந்த வாக்கியத்தைப் பற்றி.

நீக்கும்போது அந்தச் சொல் எது என்று நான் திரும்பச் சொல்லக் கூடாது. இது பழைய மரபு. சொன்னால் நான் சொன்னதும் குறிப்பில் ஏறிவிடும், பிறகு என்னையும் நீக்க வேண்டும், அதற்கு ஒரு முடிவே இருக்காது. ஆகவே ‘அந்தச் சொல்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எந்தச் சொல் என்பது எனக்கும் என் முன்னால் இருக்கும் திரைக்கும்தான் தெரியும்.

முன்பெல்லாம் நீக்கிய இடத்தில் நட்சத்திரம் போட்டு அச்சடிப்பார்கள். நட்சத்திரத்தைப் பார்த்ததும் ஜனங்கள் யூகிக்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் யூகித்தது உறுப்பினர் சொன்னதைவிட மோசமாக இருக்கும். அதனால் தென்கரை மாநிலம் தனியாகப் பிரிந்து, திருநெல்வேலியில் அவை கூடிய புதிதில், எங்கள் கட்சி ஒரு நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. அவைக்குள் வரும் கருவி எதுவானாலும், கைப்பேசியோ காதுக்கருவியோ, அவைப் பொறியோடு இணைந்திருக்க வேண்டும். திரையில் ஓடும் பேச்சில் ஒரு சொல்லை நான் தொட்டால், அந்த உறுப்பினரின் கருவியில் அந்தச் சொல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அழியும். அது வந்த வாக்கியம் முழுசாகப் போய்விடும். நட்சத்திரமும் இருக்காது, இடைவெளியும் இருக்காது. அதன் பிறகு அந்தக் கருவி அந்தச் சொல்லைக் கேட்காது, எழுதாது, பேசாது. நேரலையும் கொஞ்சம் தாமதித்துத்தான் வெளியே போகும், அதற்குள் அங்கேயும் அழிந்துவிடும். சொல்லைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்றால் அவை தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தில் அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதனால் இதுவரை எந்தச் சொல்லும் திரும்பியதில்லை.

இந்தச் சட்டத்தால் அதிகம் அவதிப்பட்டவர் இசக்கியப்பன். எதிர்க்கட்சி உறுப்பினர், டவுனில் மூன்று தலைமுறையாக அல்வாக் கடை நடத்துகிறவர். நிதியமைச்சர் மக்களுக்கு அல்வா கொடுத்துவிட்டார் என்று ஒருநாள் பேசினார். எங்கள் வரிசையில் கூச்சல் எழுந்தது. நான் தொட்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து அவருடைய கைப்பேசி அல்வா என்றால் செவிடாகிவிட்டது. வந்திருந்த ஆர்டர்கள் எல்லாம் மாயமாயின. “தலைவரே, எங்க தாத்தா சொத்த ஒரு விரல்ல அழிச்சுட்டீங்களே” என்று என் அறைக்கு வந்து புலம்பினார். ஒரு கிலோ கொடுத்துவிட்டுத்தான் போனார். பிறகு வேறு கைப்பேசி வாங்கி, அவைக்கு வரும்போது அதை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வரப் பழகிக்கொண்டார்.

அமலோற்பவம் விஷயத்துக்கு வருகிறேன்.

புன்னைத்துறை தொகுதி உறுப்பினர் அவர். எதிர்க்கட்சி. கடற்கரைக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் தேர்தலில் நின்று ஜெயித்தார். கழுத்தில் ஒரு குரல்பட்டை கட்டியிருப்பார். உள்ளே தசையில் மெல்லிய கம்பிகள் பதித்திருக்கும். வாயும் தொண்டையும் அசைந்தாலே பட்டையில் ஒரு பச்சை விளக்கு எரியும், எந்தச் சொல் என்பதும் அதற்குப் புரியும். மோவாய்க்குக் கீழே விரலால் தொட்டுக்கொண்டு பேசினால் சத்தமாக வெளியே வரும். பழைய மேடைப் பேச்சுகளிலிருந்து எடுத்துச் சேர்த்த அவருடைய சொந்தக் குரல்தான், ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. வேற்றுமை உருபில் அடிக்கடி இடறும். ‘ஊருக்குப் போனேன்’ என்பதை ‘ஊரைப் போனேன்’ என்று சொல்லிவிடும். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அவர் பட்டையில் ஒரு தட்டுத் தட்டி, வாக்கியத்தைத் திருத்தித் திரும்பச் சொல்வார். திருத்தாமல் விட்டதே கிடையாது, கணக்கு டீச்சர் அல்லவா.

அவர் தொகுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. குடிநீர்க் கழகம் நடத்துவது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு வருவதாகக் கொஞ்ச காலமாகப் பேச்சு. ஒருநாள் அமலோற்பவம் எழுந்து, ஆலையின் வடிசவ்வுகளை மாற்றியே வருஷக்கணக்காகிறது என்றும், தண்ணீரைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதுகிறார்கள் என்றும் சொன்னார். உண்மையான சோதனை முடிவுகளையும் வாசித்தார். உள்ளேயிருந்து யாரோ கொடுக்காமல் அந்த முடிவுகள் வெளியே வந்திருக்க முடியாது.

அவையில் பேசியதற்காக அவரை எதுவும் செய்ய முடியாது. ஆகவே முடிவுகளைக் கொடுத்த ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். குடிநீர்க் கழக இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. டி.எஸ்.பி. சங்கரபாண்டியன் கோர்ட் உத்தரவோடு என் அறைக்கு வந்தார். உறுப்பினரின் குரல்பட்டையைக் கைப்பற்ற உத்தரவு.

“ஐயா அனுமதி குடுத்தா இன்னைக்கே வாங்கிக்கிடுதேன்” என்றார்.

“அவை வளாகத்துக்குள்ள ஒரு உத்தரவும் செல்லாதுங்க. நான் அனுமதி குடுக்கல.”

“சரிங்க ஐயா. வாசலுக்கு வெளிய நிக்கேன்” என்றார். கோபமே இல்லை. உறுப்பினர் விடுதியும் வளாகத்துக்குள்தான் இருக்கிறது என்றாலும், இன்றோ நாளையோ அமலோற்பவம் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்ற நிதானம்.

மறுநாள் காலையில் அமலோற்பவம் வந்தார். அவைச் செயலாளர் காந்திமதியும் என் அறையில் இருந்தார். சட்டம் முழுக்க அவருக்கு மனப்பாடம், எனக்குப் பாதி.

அமலோற்பவம் உட்கார்ந்து மோவாய்க்குக் கீழே விரலை வைத்தார். “அண்ணாச்சி, அவையில நான் சொன்னதுக்கு என்னைய ஒண்ணும் செய்ய முடியாதுல்லா?”

காந்திமதிதான் பதில் சொன்னார். “முடியாதும்மா. அவையில சொன்ன எந்தச் சொல்லுக்கும், போட்ட எந்த ஓட்டுக்கும் ஒரு கோர்ட்டும் உங்களைக் கேக்க முடியாது. அரசியல் சட்டத்துல இருக்கு.”

“சொல்லாததுக்கு?”

“சொல்லாததுக்கு ஒரு வரியும் இல்ல. அந்தக் காலத்துல சொல்லாதது மண்டைக்குள்ளதான இருக்கும். அத ஒருத்தனும் எடுக்க முடியாது. அதனால அதுக்குப் பாதுகாப்பு எழுதணும்னு யாருக்கும் தோணல.”

அமலோற்பவத்தின் பட்டையில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்.

“எனக்கு வாய்க்குள்ளயே பேசிக்கிடுத பழக்கம் அண்ணாச்சி. சின்ன வயசுலருந்தே உண்டு. விரலை வைக்கலன்னா ஒண்ணும் பதியாதுன்னுதான் நெனச்சிருந்தேன். பதியுதாம். என் பேச்சைப் படிக்கிறதுக்காக அசைஞ்சது பூராத்தையும் சேத்து வைக்குதாம். ஆஸ்பத்திரியில நேத்துதான் சொன்னாங்க.”

“அந்த ஆள் பேரு அதுல இருக்கா?” என்று கேட்டேன்.

“நெறைய எடத்துல இருக்கு. அந்தப் பிள்ளைய நெனச்சுக்கிட்டேதான் கெடந்தேன். கைக்குழந்தைய வச்சிக்கிட்டு...”

நான் கையைத் தூக்கினேன். “வேண்டாம்மா. எனக்குத் தெரிய வேண்டாம்.”

அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு காந்திமதியைப் பார்த்து, “அந்தப் பிள்ளைக்கு என்ன தண்டன?” என்றார்.

“ஏழு வருசம்.”

“பட்டைய நான் ஒடச்சுப் போட்டா?”

“சாட்சியத்த அழிச்ச குத்தம். பதவி போயிரும். ஒடச்சாலும் உள்ள உள்ளத எடுத்துருவாங்க.”

“என் குரல எடுத்துட்டுப் போறது பேச்சுரிமையில கை வைக்கறதாகாதா?”

“நானும் கோர்ட்ல அப்படி எழுதிப் பாத்தேம்மா. பட்டைங்கறது ஒரு பொருள், குரல் இல்லன்னுட்டாங்க.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கட்சி கொண்டுவந்த இரகசியச் சட்டம், என் கட்சி நடத்தும் கழகம். இவர் வந்து எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். என்னிடம் இருப்பது நாலு வாக்கியம்.

“அண்ணாச்சி, அல்வாக் கடை அண்ணாச்சி போன்ல அந்தச் சொல்லு முழுசாவே போயிருச்சுல்லா?” என்று அமலோற்பவம் கேட்டார். “பழசு எல்லாத்துலருந்தும்?”

காந்திமதி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போயிருச்சு” என்றேன்.

“அத எந்தக் கோர்ட்டும் கேக்காதா?”

“அவை நடவடிக்கைய எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது” என்று காந்திமதி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

எனக்கு இப்போது புரிந்தது. “அம்மா, அது போன். வேற வாங்கிக்கிட்டாரு. உங்களுக்கு அது தொண்ட.”

“தெரியும்.”

“அப்பறம் இன்னொண்ணு. என்னத்த நீக்கணும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவைக்கு ஒவ்வாத சொல்லா இருந்தா நீக்குவேன். இல்லன்னா இல்ல.”

“நான் ஒண்ணுமே சொல்லலியே அண்ணாச்சி” என்று எழுந்தார். பட்டையில் ஏற்ற இறக்கம் கிடையாது என்பதால், அது கெஞ்சலா கேலியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று நேரமில்லா நேரத்தில் எழுந்தார். நான் அனுமதித்தேன்.

“பேரவைத் தலைவர் அவர்களே, நான் வாசித்த சோதனை முடிவுகள் பொய் என்று நீர்வளத்துறை அமைச்சர் சொன்னார். சோதிக்காத தண்ணீரைச் சோதித்ததாக எழுதியவன் களவாணி. தெரிந்தே அதை மூடி மறைத்த அமைச்சரும் களவாணி.”

எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. அமைச்சர் மேஜையைத் தட்டினார். “நீக்கணும், நீக்கணும்” என்று சத்தம். நான் ‘அமைதி’ என்றேன், ‘உட்காருங்கள்’ என்றேன். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் இன்னொரு வாக்கியம் சொன்னார்.

“நான் சொல்வது பொய்யா என்று தமிழ்கிட்ட கேளுங்கள்.”

இரைச்சல் சிரிப்பாக மாறியது. “ஏம்மா, தமிழ்கிட்ட எதுக்குக் கேக்கணும், தமிழ்ல கேட்டாப் போதாதா?” என்றார் எங்கள் கொறடா. “பட்டைக்கு இலக்கணம் மறந்துபோச்சு” என்று இன்னொருவர். அவருடைய கட்சிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் பட்டையைத் தட்டி, திருத்திச் சொல்ல வேண்டும். தட்டவில்லை. விரலை எடுத்துவிட்டு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மொழியிடம் போய் யாரும் எதையும் கேட்பதில்லை. தமிழில் கேட்கலாம், தமிழைக் கேட்கலாம். ‘கிட்ட’ என்று வந்தால் அங்கே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். இதற்கு இலக்கணம் படிக்க வேண்டியதில்லை, பேசப் பழகும் குழந்தைகூடத் தப்பு விடாது. நம் ஊரில் தமிழ்ச்செல்வன்களுக்கும் தமிழரசிகளுக்கும் பஞ்சமா. எல்லாரையும் வீட்டில் கூப்பிடுவது தமிழ் என்றுதான்.

திரையில் இரண்டு சொற்கள் இருந்தன. களவாணி, அதற்குக் கீழ் வரியில் தமிழ். என் ஆட்கள் எதை நீக்கச் சொல்லிக் கத்துகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. தமிழ் என்ற சொல் அவைக்கு ஒவ்வாதது என்று ஒரு பேரவைத் தலைவன் தீர்ப்புச் சொன்னால், அவன் அன்று இரவு தன் ஊருக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் நான் சொல்ல வேண்டியதில்லையே. மரபு இருக்கிறதே.

இரண்டையும் தொட்டிருக்கலாமே என்று பிறகு காந்திமதி கேட்டார். தொட்டிருந்தால் ‘அந்தச் சொற்கள்’ என்று பன்மையில் அறிவிக்க வேண்டும். இன்னொன்று எது என்று அவை முழுக்கக் கேட்கும். ஒருமைதான் பத்திரம்.

நேரலையின் தாமதம் முடிவதற்குள் செய்ய வேண்டும். வெளியே வாசலில் சங்கரபாண்டியன் கைப்பேசியில் அவையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு சொல்லைத் தொட்டேன். “உறுப்பினர் கூறிய அந்தச் சொல் அவைக்கு ஒவ்வாதது. அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது” என்றேன். எங்கள் வரிசை மேஜை தட்டி வரவேற்றது. அமலோற்பவம் உட்கார்ந்தார். நான் நல்லவன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உறுப்பினர் பேசுவதைக் கேட்பது என் வேலை. நான் சரியாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசலில் அமலோற்பவம் பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டப்படி ரசீது கொடுத்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து குரல் இல்லாமலே அவைக்கு வந்தார். பட்ஜெட் விவாதத்தில் அவர் முறை வந்தபோது அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து நின்றார். அவருக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் அப்படியே நின்றார். அவையில் ஒரு சத்தமில்லை, இருமியவர்கள்கூட மெதுவாக இருமினார்கள். நேரம் முடிந்ததும் “நன்றி, உட்காருங்கள்” என்றேன். ‘உட்காருங்கள்’ என்று சொல்ல அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நீர்வளத்துறை அமைச்சர் என் அறைக்கு வந்து குதித்தார். “நீக்கிட்டேன்னு சொன்னீரு. ஊரெல்லாம் என்னையக் களவாணிங்கது ஓடிக்கிட்டுல்லா கெடக்கு.”

“பொறி கோளாறாயிருச்சு போல. பழைய பொறி. புதுசுக்கு நிதி ஒதுக்குங்கன்னு ரெண்டு பட்ஜெட்டா கேக்கேன்.”

புது நிதி வந்தது. களவாணி இன்றைக்கும் அவைக்குறிப்பில் இருக்கிறது. அமைச்சர் படிக்கிற பழக்கம் உள்ளவர் இல்லை.

சங்கரபாண்டியன் பட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது மரியாதைக்கு என்னையும் பார்த்துவிட்டுப் போனார். ஆலையில் வேலை செய்கிற அத்தனை பேர் பெயரையும் தேடிப் பார்த்தார்களாம். அவையிலும் என் அறையிலும் பேசியதைத் தொட உத்தரவில் இடமில்லையாம், மற்றதில் ஒரு பெயரும் இல்லையாம். “அந்தம்மா வாய்க்குள்ள முக்காவாசி நேரம் மீன் வெலையும் ஜெபமுந்தான் ஐயா பேசிக்கிடுதாங்க” என்றார். வழக்கு அதோடு படுத்துவிட்டது. அமலோற்பவம் வாசித்த சோதனை முடிவுகள் மட்டும் அவைக்குறிப்பில் அசையாமல் நின்றன. பத்திரிகைகள் எழுதின, விசாரணைக் கமிஷன் வந்தது, ஆலையில் சவ்வுகளை மாற்றினார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் கவனித்தது ஒரு பத்திரிகைக்காரர். அமலோற்பவம் ‘நம் தாய்மொழி’ என்கிறார், ‘நம் மொழி’ என்கிறார், ‘நம் மக்கள்’ என்கிறார். தமிழ் என்று மட்டும் சொல்வதில்லை. பொங்கல் விழாவில் சொல்லவில்லை, புத்தக வெளியீட்டில் சொல்லவில்லை. பழைய பேச்சுகளில் சொல்லியிருக்கிறார், ஒரு நாளிலிருந்து நிறுத்திவிட்டார். அது எந்த நாள் என்று அந்தப் பத்திரிகைக்காரர் தேடிப் பார்க்கவில்லை, நல்லவேளை. கான்வென்ட் படிப்பின் திமிர் என்று ஒருவர் எழுதினார். டெல்லியில் பதவிக்கு அடி போடுகிறார் என்று இன்னொருவர். நம் ஊரில் ஓர் அரசியல்வாதி எதை வேண்டுமானாலும் சொல்லாமல் விடலாம், இந்த ஒன்றை விட முடியாது.

தேர்தல் வந்தபோது எங்கள் கட்சி சுவர் சுவராக எழுதியது: ‘தமிழ் சொல்லக் கூசும் நாக்குக்கா உங்கள் ஓட்டு?’ என்னைப் புன்னைத்துறைக்குப் பிரசாரத்துக்குப் போகச் சொன்னார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் வேனில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். கூட்டத்திலிருந்து எங்கள் ஆள் ஒருவன் சத்தம் போட்டான்.

“யக்கா, தண்ணிய விடுங்க. ஒரே ஒரு தடவ தமிழ் வாழ்கன்னு சொல்லுங்க. நாங்களே உங்களுக்கு ஓட்டுப் போட்டுருதோம்.”

கூட்டம் அடங்கியது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கேமரா கிட்டே போனது. பட்டையில் பச்சை விளக்கு எரிவது எனக்குத் தெரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

‘சொல்ல வரமாட்டேங்குது, பட்டையில அந்தச் சொல்லு இல்ல’ என்று அவர் சொல்லியிருந்தால் போதும். நோயாளிப் பெண்பிள்ளை என்று அந்தக் கூட்டமே உருகியிருக்கும். பட்டையில் ஏன் இல்லை என்று மறுநாள் காலையில் சங்கரபாண்டியன் யோசித்திருப்பார். ஆலைப் பணியாளர்களின் பெயர்களை இன்னொரு முறை வாசித்திருப்பார்.

அமலோற்பவம் விரலை மோவாய்க்குக் கீழே வைத்தார்.

“சொல்ல மாட்டேன்” என்றார்.

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் அது அப்படியே திமிராக ஒலித்தது. கூட்டம் கத்தியது, செருப்பு ஒன்று பறந்து வந்து வேன் கண்ணாடியில் பட்டது. நான் டிவியை அணைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. என் மனைவி காய்ச்சல் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கஞ்சி கொண்டுவந்தாள்.

படுதோல்வி. அவர் வாங்கிக் கொடுத்த நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டே புன்னைத்துறை அவரைத் தோற்கடித்தது. எங்கள் கட்சி திரும்ப வந்தது, என்னையும் திரும்ப அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

விசாரணைக் கமிஷன் ஒரு புது வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் ஆலையிலிருந்து ஒரு குப்பித் தண்ணீரும் சோதனை முடிவும் பேரவைத் தலைவருக்கு வர வேண்டும். தலைவர் அதைக் குடிக்க வேண்டும். குடிக்க வைத்தால்தான் ஒழுங்காகச் சோதிப்பார்கள் என்பது அந்த நீதிபதியின் கணக்கு.

புதுக் கூட்டத்தொடர் தொடங்கிய அன்று அமலோற்பவம் என் அறையில் இருந்தார். முன்னாள் உறுப்பினருக்கான மருத்துவ அட்டையில் கையெழுத்து வாங்க வந்தவர், டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தை நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. அன்றைக்கு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏம்மா, அன்னைக்கு நான் களவாணியத் தொட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் ஆளுங்கட்சிக்காரன்லா. எந்த நம்பிக்கையில சொன்னீங்க?”

அவர் டீயைக் கீழே வைத்தார். “உங்க கட்சிய நம்பல அண்ணாச்சி. உங்க காதத்தான் நம்புனேன். நான் பேசும்போது அங்க உக்காந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“தீர்மானம் கொண்டுவரலாம்மா, சொல்லத் திரும்பக் குடுக்கதுக்கு” என்றேன்.

“கொண்டுவந்தா வாசிக்கணும்லா” என்றார்.

அப்போது காந்திமதி கதவைத் திறந்து, ஆலையிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். குடிநீர்க் கழகத்தின் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் குப்பி, ஒரு காகிதம். எனக்கு வணக்கம் சொன்னாள். சோபாவில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தை அவள் பார்க்கவில்லை. டிவியில் அத்தனை நாள் ஓடிய முகம், புன்னைத்துறை ஆலையில் வேலை செய்கிற பெண், ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அது உறைக்கவில்லை. வாசலுக்கு வருகிற யாரையும் பெயர் கேட்டு விசாரிப்பது என் பழக்கம், ஓட்டுக் கேட்டு வளர்ந்த பழக்கம். தம்ளரை நீட்டிக்கொண்டே, “உங்க பேரென்னம்மா?” என்றேன்.

குப்பியைச் சாய்த்த அவள் கை நின்றது. வாயைத் திறந்தாள். அதற்குள் சோபாப் பக்கத்தில் பச்சையாக ஏதோ மின்னியது. அமலோற்பவம் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. விளக்கு எரிந்து அணைந்தது, ஒரு சின்னச் சொல்லுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. வரப்போவதும் இல்லை.

அந்தப் பட்டை அவர் அசைக்கிற ஒவ்வொன்றையும் இன்றும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது, இந்த ஒரு சொல்லைத் தவிர. இது மட்டும் அதில் ஏறாது. எந்த டி.எஸ்.பி. எந்த உத்தரவோடு வந்தாலும் கிடைக்காது. அவர் விரும்பிய நேரமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் கையைத் தூக்கினேன்.

“வேண்டாம்மா, சொல்லாதீங்க. அது அவைக்கு ஒவ்வாத சொல்லு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு முதல் முறையாகச் சோபாவைப் பார்த்தாள். அமலோற்பவத்தின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிக்கிறாரா அழுகிறாரா என்பதைச் சொல்ல அந்தப் பட்டைக்குத் தெரியாது. காந்திமதி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“குழந்தை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“ஸ்கூலுக்குப் போகுது ஐயா” என்றாள்.

தம்ளரை நிரப்பிக் கொடுத்தாள். குடித்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது.